ஒரு கைடுக்கு ஒரு நாள் கூலி! பாடம் சொல்ல வாத்தியார் எங்கே?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் போதும், காரிமங்கலம் கடைவீதியில் ஒரு வியாபாரம் சூடு பிடித்துவிடுகிறது. தேங்காய் வியாபாரம் அல்ல, தக்காளி வியாபாரமும் அல்ல, கைடு வியாபாரம்! தமிழுக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று, சமூக இயலுக்கு ஒன்று என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து கைடுகள். பிளஸ் டூ என்றால் ஆறு. அதோடு விட்டதா? ஒரு மார்க் கேள்வி தனிப் புஸ்தகம், மாதிரி வினாத்தாள் தனிப் புஸ்தகம். மார்ச் நெருங்கினால் "கட்டாயம் வரும் கேள்விகள்" என்று ஜெராக்ஸ் கட்டு வேறு!

இவற்றை வாங்குகிறவர் யார்? களை எடுத்துவிட்டு வந்து, முந்தானையில் முடிந்த கூலியை அவிழ்க்கிற தாய் வாங்குகிறாள். பெங்களூரில் சாரத்தின் மேல் நிற்கிற தகப்பன், திருப்பூரில் ஷிப்டு பார்க்கிற அண்ணன், அனுப்புகிற பணத்தில் வாங்குகிறார்கள். 2025-26-ஆம் ஆண்டுக்கு நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். ஒரு கைடுக்கு ஏறக்குறைய ஒரு நாள் கூலி. ஆறு கைடுக்கு ஒரு வாரம் வெயிலில் குனிய வேண்டும்.

இத்தனைக்கும் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பாடப்புஸ்தகம் இலவசம்! இலவசப் புஸ்தகத்தைப் புரிந்துகொள்ளக் காசு கொடுத்து இன்னொரு புஸ்தகம் வாங்க வேண்டும் என்றால், அது என்ன இலவசம்?

உடனே சில கனவான்கள் நமக்கு உபதேசம் செய்ய வருவார்கள். கைடு படிக்கிற பிள்ளை சோம்பேறியாம், மூலப் புஸ்தகத்தைப் படிக்க வேண்டுமாம். இந்தக் கனவான்களோடு நமக்கு உடன்பாடு கிடையாது. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், மாலையில் டியூஷன் வாத்தியார் இருக்கிறார். நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80.09 சதவீதம், தருமபுரி மாவட்டத்தில் 68.54 சதவீதம். மாநிலத்திலேயே கடைசி! அம்மாவும் அப்பாவும் கைநாட்டு வைக்கிற வீட்டில் அந்தக் கைடுதான் படித்த மாமா, படித்த சித்தப்பா.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்த ஐயம்பெருமாள் கோனாரின் நோட்ஸ், பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்டு, தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போனது அதனால்தான். பாட்டைப் பதம் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லி, இலக்கணக் குறிப்பு கொடுத்த நோட்ஸ் அது. ஒரு பிரதியை ஐந்து பேர் சுற்றுக்கு விட்டுப் படித்துத் தேறியவர்கள் நம் தோழர்களிலேயே உண்டு. அந்தக் கடனை நாம் மறக்கவில்லை.

ஆனால் விளக்கம் சொல்லுகிற நோட்ஸ் வேறு. விடையை மட்டும் கையில் திணிக்கிற நோட்ஸ் வேறு. இன்று கொழுத்துக் கிடப்பது இரண்டாவது ரகம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தனிவட்டியும் கூட்டுவட்டியும் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். சூத்திரம் கைடில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. பிள்ளை நெட்டுருப் போடுகிறது, பரீட்சையில் எழுதுகிறது, மார்க்கும் வாங்குகிறது. அதே நேரம் வீட்டு வாசலில் குழுக் கடன்காரன் வந்து உட்காருகிறான். பத்தாயிரம் ரூபாய் கடன், வருஷம் 12 சதவீத வட்டி, வட்டி 1,200, வாராவாரம் கட்டித் தீர்க்க வேண்டும் என்கிறான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது! ஆனால் முதல் வாரமே அசல் குறையத் தொடங்கிவிடுகிறதே? ஆறு மாதம் கழித்துக் கையில் நிற்கிற கடன் பாதிதான். வட்டியோ முழுப் பத்தாயிரத்துக்கும்! கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி 12 அல்ல, ஏறக்குறைய அதற்கு இரண்டு மடங்கு. வட்டிக் கணக்கில் முழு மார்க் வாங்கிய பிள்ளைக்குத் தன் தாயின் கடன் அட்டையில் இருக்கிற இந்த மோசடி தெரியவில்லை. ஏன்? கைடில் அந்தக் கேள்வி இல்லை. பரீட்சையிலும் இல்லை.

விஞ்ஞானமும் இதே லட்சணம்தான். தழைச்சத்து குறைந்தால் இலை மஞ்சளாகும் என்று ஒரு மார்க்குக்கு எழுதுகிற பையன், தன் அப்பனின் தக்காளிக் கொல்லையில் அடியிலை மஞ்சளித்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே நடந்து போகிறான்!

மனப்பாடமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாய்ப்பாடு தெரியாதவன் கூலிக் கணக்கில் ஏமாறுவான். 1920-ல் வாலிபர் கழக மாநாட்டில் பேசிய லெனின், பழைய பள்ளிக்கூடத்தின் நெட்டுருவைச் சாடினார். மனித குலம் சேர்த்து வைத்த அறிவைக் கற்காமல் ஒன்றும் ஆகாது என்பதையும் அதே பேச்சில் அடித்துச் சொன்னார். நெட்டுரு வேறு, அறிவு வேறு.

இந்த நெட்டுரு வியாபாரத்துக்கு உரம் போட்டது யார்? எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் வரும் என்று முன்கூட்டியே சொல்லுகிற "புளூபிரிண்ட்" பல காலம் நடப்பில் இருந்தது. வேண்டாத பாடத்தைத் தள்ளிவிட்டு மற்றதை உருப்போட்டால் போதும். நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிக்கூடங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின: பிளஸ் ஒன் பாடத்தையே மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே இடித்துப் புகட்டின. இதைத் தடுக்கத்தான் பிளஸ் ஒன்னுக்கும் 2018 மார்ச்சில் பொதுப் பரீட்சை வந்தது. 2025-26 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கவாம்! பாரம் குறையட்டும், சந்தோஷம்தான். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தைப் பழையபடி மூட்டை கட்டும் முதலாளியை யார் தடுப்பது? இதற்குப் பதில் வேண்டும்.

இனி மூல வியாதிக்கு வருவோம். கைடு எங்கே நுழைகிறது? வாத்தியார் இல்லாத இடத்தில் நுழைகிறது. 2022-ல் 13,331 ஆசிரியர் பணியிடங்கள் காலி என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு, தற்காலிகமாக ஆள் போட உத்தரவிட்டது. முதலில் அறிவித்த சம்பளம் என்ன தெரியுமா? இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. எம்.ஏ., பி.எட். படித்தவருக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய்! கொத்தனார் இந்தக் கூலிக்குச் சாரம் ஏறுவாரா? எதிர்ப்புக் கிளம்பிய பிறகே தொகையை உயர்த்தினார்கள். வேலை நிரந்தரமில்லாத வாத்தியார், வருஷ நடுவில் வந்து, பாடத்தை ஓட்டி முடிக்கத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரும் கூலி பறிகொடுத்த தொழிலாளிதான்.

கைடு கடையைக் கொளுத்து என்று நாம் கூப்பிடவில்லை. ஒரு தெருவுக்கு ஒரு செட் கைடு பொதுவில் வாங்குங்கள், சுற்றுக்கு விடுங்கள். காலேஜுக்குப் போகிற ஊர்ப் பிள்ளைகளை மாலையில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். ஆனால் அதோடு நிற்கக் கூடாது.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். அதாவது களை எடுக்கிற நம் சகோதரி அந்த நாற்காலியில் உட்காரச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. பல ஊர்களில் இந்தக் குழு காகிதத்தில் கூடிக் காகிதத்தில் கலைகிறது. தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு அரை நாள் கூலி போனாலும் போங்கள். நம் பள்ளிக்கு அனுமதித்த வாத்தியார் இடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை, எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதமாக ஆள் இல்லை என்று கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்க வராது என்றால், உங்கள் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அவளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.