பிள்ளைகளின் மன அழுத்தமும் உறவுகளின் துணையும்

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையின் மன அழுத்தம் பற்றிய பேச்சு, "உனக்கு என்ன குறை?" என்ற கேள்வியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. போரையும் அகதி வாழ்வையும் கடந்து வந்த பெற்றோருக்கு, நல்ல வீடும் பாடசாலையும் வாய்த்த பிள்ளை சோர்ந்திருப்பதன் காரணம் விளங்குவதில்லை. அவர்கள் தாங்கிய துயர் பெரிது. எனினும் பலர் அதனைத் தனியே தாங்கவில்லை. அம்மம்மா, சித்தப்பா, அயலவர், ஒரே ஒழுங்கையில் வளர்ந்த தோழர் என ஒரு கூட்டமே உடனிருந்தது. பிள்ளைக்கு இல்லாதது அந்தக் கூட்டமே.

ஹவாயின் கவாய் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எமி வேர்னரும் குழுவினரும் 40 வயது வரை தொடர்ந்து அவதானித்தனர். வறுமை, குடும்பப் பிளவு, பெற்றோரின் மனநோய் எனப் பல இடர்களுக்கிடையே வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் திறமையும் கொண்ட பெரியவர்களாயினர். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, மாறாத அன்போடு தம்மை ஏற்ற ஒருவரேனும் அருகில் இருந்தமை. அவர் பெற்றோராகவே இருக்க வேண்டியதில்லை. பாட்டியாக, ஆசிரியராக, அயலவராகவும் இருந்தார்.

உடலும் இதனை அறியும். தாயோடு உறுதியான பிணைப்புள்ள குழந்தையும் தடுப்பூசியின்போது அழும். ஆயினும் அழுத்தத்தின்போது சுரக்கும் கோர்ட்டிசோல் அதன் உடலில் அவ்வளவாக உயர்வதில்லை. பதின்ம வயதில் பெற்றோரின் அருகாமைக்குள்ள இவ்வாற்றல் குறைவதை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னர் உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, பதினைந்து வயது மகள் தாயிடம் சொல்லாததை மச்சாளிடம் சொன்னால் தாய் மனம் நோக வேண்டியதில்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் மிருதங்க வகுப்பும் இத்தகைய உறவுகள் முளைக்கும் இடங்கள். ஆனால் பிள்ளையை இறக்கிவிட்டு, மணியடித்ததும் அடுத்த ரியூசனுக்கு ஏற்றிச் செல்லும் அவசரத்தில் அங்கு எவரும் எவரோடும் பேசுவதில்லை. கொண்டாட்ட மண்டபத்திலோ புள்ளிகளின் ஒப்பீடே பேச்சாகிறது. அழுத்தத்தைக் குறைக்க வேண்டிய சுற்றமே அதனைக் கூட்டும் கொடுமை இது. பிள்ளை நம்பிச் சொன்னது மறுநாள் தொலைபேசியில் ஊர்வலம் வந்தால், அவன் அதன்பின் வாய் திறக்கமாட்டான். உறக்கமும் உணவும் குன்றிய பிள்ளைக்கு மருத்துவரும் தேவை என்பது வேறு விடயம்.

மொழியும் இங்கு குறுக்கிடுகிறது. யாழ்ப்பாணத்திலுள்ள அம்மம்மாவோடு உடைந்த தமிழில் பேசத் தொடங்கும் பேரனை, அருகிலிருக்கும் பெரியவர்கள் சிரித்துத் திருத்துகின்றனர். அடுத்த கிழமை அவன் தொலைபேசியை வாங்க மறுக்கிறான். அம்மம்மாவுக்கு அந்தத் தமிழ் நன்றாகவே விளங்கியிருந்தது.