ஏ.சி. எந்திரத்துக்கு எப்போது விடை கொடுப்பது?

திருவண்ணாமலை நெருப்புத் தலம். பஞ்ச பூதத் தலங்களில் அக்கினிக்கு உரியது அதுதான். அங்கே வெயிலைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை!

மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. அந்தப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோவில் உள்ள ஊர். காலை வெயில் மலையைத் தாண்டித்தான் அங்கே வர வேண்டும். மாலை வெயிலோ தடை இல்லாமல் வீட்டுச் சுவரில் விழும். பகல் முழுவதும் காய்ந்த மொட்டை மாடி, இரவில்தான் சூட்டைக் கக்கும்.

அந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

சித்திரை மாதம். இரவு மணி 11. படுக்கை அறையில் ஏ.சி. ஓடுகிறது. சத்தம் வருகிறது, குளிர்ச்சி வரவில்லை. வீட்டுப் பெரியவர் பனை விசிறியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டார்.

"மாமாவுக்குத் தூக்கமே இல்லைங்க. புதுசு வாங்கிடலாம்" என்கிறார் மருமகள்.

"தம்பி முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தது. அதை எப்படித் தூக்கிப் போடறது?" என்கிறார் கணவர்.

"கியாஸ் அடிச்சாப் போதும் சார்" என்கிறார் மெக்கானிக்.

"பழசைக் கொடுங்க, புதுசு கொண்டு போங்க" என்கிறார் கடைக்காரர்.

நாலு பேர், நாலு பேச்சு. யார் சொல்வதைக் கேட்பது?

யார் சொல்வதையும் கேட்பதற்கு முன்னால், வீட்டுக்காரர் தாமே ஒரு கணக்குப் போட வேண்டும். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் எந்திரத்தை மாற்றக் கூடாது. பாசத்துக்காக அதை வைத்துக்கொண்டு அழவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த முடிவைச் சித்திரை வெயிலில் எடுக்கவே கூடாது!

நோய் என்ன?

தலைவலி வந்தவரை யாரும் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போவது இல்லை. ஏ.சி.க்கும் அப்படித்தான். குளிரவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தம் அல்ல.

முதலில் வடிகட்டி வலையைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் காற்று வராது. தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டினால் போதும். மாடியில் இருக்கும் வெளிப்பெட்டியையும் பாருங்கள். அதில் புழுதியும் சருகும் அடைத்துக்கொண்டால் சூடு வெளியே போகாது. அறைக்குள் தண்ணீர் சொட்டுகிறதா? பெரும்பாலும் வடிகால் குழாய்தான் அடைத்திருக்கும். விசிறி சுற்றுகிறது, கம்ப்ரசர் கிளம்பவில்லையா? கெபாசிட்டர் என்ற சிறு உறுப்பு போயிருக்கலாம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அறையின் வெப்பத்தை அளக்கும் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று போதும். ஏ.சி.யைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். மேலே காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு முறை அளந்து பாருங்கள். கீழே குளிர்காற்று வரும் வாயில் மறுமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் எந்திரம் நன்றாக இருக்கிறது. அப்படியும் அறை குளிரவில்லை என்றால், குற்றம் கதவு இடுக்கிலோ, மேற்கு ஜன்னலிலோ, மொட்டை மாடியிலோ இருக்கும். கெட்டித் திரை போடுங்கள். மாடிக்கு வெள்ளை அடியுங்கள். புது ஏ.சி. வாங்கினாலும் அந்தச் சூடு போகாது!

ஓட்டைக் குடம்

"கியாஸ் தீர்ந்து போச்சு" என்ற பேச்சை வருஷந்தோறும் கேட்கிறோம். சமையல் கியாஸ் தீரும். அது எரிந்து போகிறது. ஏ.சி. கியாஸ் எரிவது இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறையின் சூட்டைச் சுமந்துபோய் வெளியே கொட்டிவிட்டு, மீண்டும் உள்ளே வரும் கூலியாள் அது. எத்தனை வருஷம் உழைத்தாலும் குறையாது.

குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கியாஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல்தான். "எங்கே கசிகிறது? அதை அடைத்தாயிற்றா?" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பணம் கொடுங்கள்.

எந்திரத்தில் ஒட்டியுள்ள சீட்டையும் படியுங்கள். 'ஆர்-22' என்று இருந்தால், அது பழைய வகைக் கியாஸ். பூமிக்குக் குடையாக இருக்கும் ஓசோன் படலத்தை அது அரிக்கிறது. அதனால் 1987-ல் ஏற்பட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலக நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன. இந்தியாவுக்கு உள்ள கெடு 2030. வருஷம் ஆக ஆக அந்தக் கியாஸ் கிடைப்பது அரிதாகும். அதற்குப் பதிலாகப் புதுக் கியாஸான 'ஆர்-32'-ஐப் பழைய எந்திரத்தில் ஏற்றலாமா? கூடாது. அதன் அழுத்தம் அதிகம். தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. ஆர்-22 எந்திரத்தில் கசிவு மீண்டும் மீண்டும் வந்தால், விடை கொடுக்க வேண்டியதுதான்.

மின்சாரக் கணக்கு

"புது ஏ.சி. வாங்கினால் கரண்ட் மிச்சம்" என்கிறார்கள். உண்மைதான். எவ்வளவு மிச்சம்?

ஒன்றரை டன் பழைய எந்திரம், கம்ப்ரசர் ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் யூனிட் தின்னும். இரவில் கம்ப்ரசர் 6 மணி நேரம் ஓடினால் பத்தரை யூனிட். 60 இரவுக்கு 630 யூனிட். அதே குளிர்ச்சியை ஐந்து நட்சத்திரப் புது எந்திரம் சுமார் 375 யூனிட்டில் கொடுத்துவிடும். மிச்சம் ஏறக்குறைய 255 யூனிட்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 401 முதல் 500 யூனிட் வரை யூனிட் 6 ரூபாய் 45 காசு. 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய் 55 காசு. 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய் 65 காசு. ஏணியில் ஏற ஏற விலையும் ஏறுகிறது! மற்றச் செலவுக்கு 200 யூனிட் ஆகும் வீட்டில், அந்தக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 2,400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே மிச்சமாகும். கோடையில் நாலு மாதம் ஓட்டினால் கிட்டத்தட்ட 5,000 ரூபாய்.

புது எந்திரம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்பி வர எட்டு வருஷம்! ஆகவே, நன்றாக ஓடும் எந்திரத்தைக் கரண்டுக்காக மட்டும் கழற்றுவது புத்திசாலித்தனம் அல்ல. வருஷம் பூராவும் ஏ.சி. ஓட்டுகிறவர்களுக்கும், கிரிவலம் வருவோருக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்குப் பணம் சீக்கிரம் திரும்பிவிடும்.

சரி, பழைய எந்திரத்தில் கம்ப்ரசர் போய்விட்டது. மாற்ற 15,000 ரூபாய் கேட்கிறார்கள். இப்போது கணக்கே மாறிவிடுகிறது! எப்படியும் 15,000 செலவு. புதுசுக்கு மேற்கொண்டு ஆவது 25,000-தான். ஐந்து கோடையில் அது திரும்பிவிடும். பன்னிரண்டு வயதுப் பழைய எந்திரம் இன்னும் ஐந்து கோடைக்குத் தாங்குமா என்பது சந்தேகம்தான்.

விடை கொடுக்கும் நேரம்

இந்த அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்திரத்துக்குப் பத்து வயது தாண்டிவிட்டது; பழுது பார்க்கும் செலவு புதுசின் விலையில் பாதியை நெருங்குகிறது என்றால், மாற்றிவிடுங்கள்.

உள்ளே இருக்கும் செப்பு, அலுமினியச் சுருள் அரித்து, அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி கசிகிறது என்றால், மாற்றிவிடுங்கள்.

உத்தரவாதம் முடிந்துவிட்டது, உதிரிப் பாகமும் கிடைக்கவில்லை என்றால், மாற்றிவிடுங்கள்.

கருகல் வாடை வந்தாலோ, பிளக் சுட்டாலோ, சுவிட்ச் அடிக்கடி தானாக விழுந்தாலோ, அந்த நிமிஷமே நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை போடாதீர்கள். இதில் பணக் கணக்கு எதுவும் கிடையாது. உயிர்க் கணக்கு!

வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணினால் மட்டும் போதாது. சீட்டில் உள்ள வருஷத்தையும் பாருங்கள். 2018-ல் திறன் எண் 4.5 இருந்தால் ஸ்பிளிட் ஏ.சி.க்கு ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அதை 5 ஆக உயர்த்தினார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் நாலு நட்சத்திரம் ஆகிவிட்டது! 2026 ஜனவரியில் விதி மேலும் கடுமையாயிற்று. கிடங்கில் தங்கிப்போன பழைய சரக்கை "ஐந்து நட்சத்திரம்" என்று விற்கக்கூடும். ஏமாறாதீர்கள்.

பழைய எந்திரத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டு உடைக்கவும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் கியாஸ் காற்றில் கலந்துவிடும். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, அதை முறையாக அழிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதுசு வாங்கும் கடையில் இதைக் கேட்டு ஒப்படையுங்கள்.

தீபம் முடியட்டும்

அக்கினி நட்சத்திரத்தில் கடைக்குப் போகிறவர் பேரம் பேச முடியாது. வேர்வை அவரை அவசரப்படுத்தும். மெக்கானிக்கும் அப்போது நிற்க நேரம் இல்லாமல் ஓடுவார். கார்த்திகைத் தீபம் முடிந்து, கூட்டம் கலைந்து, ஊர் அமைதியான பிறகு ஏ.சி.யைச் சோதித்துப் பாருங்கள். மார்கழியிலும் தையிலும் மெக்கானிக்குக்கு நேரம் இருக்கும். ஓட்டை எங்கே என்று நின்று பார்ப்பார். மாற்றத்தான் வேண்டும் என்றால், நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்க உங்களுக்கும் பொறுமை இருக்கும்.

தம்பி முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தார் என்றால், அவர் கொடுத்தது அந்த இரும்புப் பெட்டியையா? அப்பா நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதானே கொடுத்தார்! அந்தத் தூக்கம் வருகிற வரையில் எந்திரத்தைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம். பெரியவர் விசிறியோடு திண்ணைக்கு வருகிற நிலை ஆண்டுதோறும் தொடர்ந்தால், அந்த எந்திரத்துக்கு விடை கொடுத்துவிடுவதே தம்பியின் பாசத்துக்கும் மரியாதை.