கூடு விட்டுப் பாயாத கணினி

கொழும்புப் புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பின்னால் போகும் சந்தொன்றில் ஃபோன் திருத்தும் நானா ஒருவர் இருக்கிறார். அவரிடம் வருகிறவர்களில் பலருக்கு ஃபோன் வேண்டாம். அதற்குள் இருக்கிற படங்கள்தான் வேண்டும். மகளின் கலியாணம், மௌத்தாகிப்போன உம்மாவின் குரல். "ஃபோன் எப்படிப் போனாலும் பரவாயில்ல நானா, போட்டோவ மட்டும் எடுத்துத் தாங்க" என்பார்கள். அவர் போர்டை வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைப்பார். கருகிய ஐசியைச் சூடான காற்றடித்துக் கழற்றி, வேறொரு செத்த ஃபோனிலிருந்து எடுத்ததை அந்த இடத்தில் ஒட்டுவார். ஐந்து நிமிடம் உயிர் வந்தால் போதும், படங்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். "இத நீங்களே வச்சுக்கங்க" என்று உடலை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். மேசைக்கு அடியில் பிஸ்கட் டின்கள் நிறைய அந்த உடல்கள்.

நம் ஊர்ச் சித்தர்களின் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தைதான் இது. மூலன் என்ற இடையனின் உடலுக்குள் புகுந்த சித்தர், திரும்பி வந்து பார்த்தபோது தம் பழைய உடலைக் காணவில்லை, இறைவன் மறைத்துவிட்டான் என்று திருமூலர் கதை சொல்லும். நம் ஃபோன்களின் பழைய உடலை மறைத்துவைக்கத்தான் ஒருவரும் இல்லை. 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி தொன் இலத்திரனியல் கழிவை உண்டாக்கியது என்கிறது ஐ.நா. நிறுவனங்கள் வெளியிட்ட கணக்கு. முறையாகச் சேகரித்து மீளப் பயன்படுத்தியதாகப் பதிவானது அதில் 22.3 வீதம்.

இதற்கும் மருந்து உண்டு என்று சொல்கிறவர்கள், மூளையைப் பார்த்துக் கணினி செய்யப் புறப்பட்டவர்கள். 1980களின் கடைசியில் கலிபோர்னியாவில் கார்வர் மீட் தொடக்கிவைத்த துறை இது. நாம் பாவிக்கிற கணினியில் நினைவகம் ஓரிடம், கணக்குப் போடுமிடம் வேறிடம். இரண்டுக்கும் இடையே தரவு ஓயாமல் போய்வருவதிலேயே மின்சாரத்தில் பெரும்பங்கு செலவாகிறது. மூளையில் அந்தப் போக்குவரத்து இல்லை. நினைப்பதும் நினைவில் வைப்பதும் ஒரே இணைப்பில் நடக்கின்றன; சொல்ல ஏதாவது இருந்தால்தான் ஒரு நரம்பணு துடிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் சுமார் 20 வாட்டில் ஓடுகின்றன. 2014இல் ஐபிஎம் வெளியிட்ட ட்ரூநோர்த் சிப்பில் 10 இலட்சம் செயற்கை நரம்பணுக்கள். அது இழுத்தது 70 மில்லிவாட் அளவு. 2024இல் இன்டெல் செய்த ஹாலா பொயின்ட் 115 கோடிக்குப் போயிருக்கிறது, உச்சமாக 2,600 வாட்டில். மூளையோடு ஒப்பிட்டால் இன்னும் வெகுதூரம். ஆனாலும் 2022இல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டில் வெந்த ஊர்க்காரருக்கு மில்லிவாட் என்ற சொல்லே இனிக்கும்.

கழிவுக்கான மருந்து எங்கே வருகிறது என்றால், தேனில். அதே 2022இல் வாஷிங்டன் அரச பல்கலைக்கழகத்தின் ஃபெங் சாவோவும் பிராண்டன் சுவோகாவும் தேனைக் கெட்டியாக்கி, இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே வைத்து ஒரு மெமரிஸ்டர் செய்தார்கள். தன் வழியே முன்பு ஓடிய மின்னோட்டத்துக்கு ஏற்பத் தன் தடையை மாற்றி, அந்த மாற்றத்தை ஞாபகம் வைத்திருக்கும் உறுப்பு அது. லியோன் சுவா 1971இல் தாளில் எழுதிக் காட்டியது. நரம்பிணைப்பு செய்கிற வேலைக்கு மிக நெருக்கமானது. தேனில் ஈரப்பதம் குறைவு, பக்டீரியா பிழைக்காது, அதனால் கெடாது. வேலை முடிந்தால் தண்ணீரில் கரைத்துவிடலாம்.

எனக்கு இந்த ஆராய்ச்சி பிடித்திருக்கிறது. தண்ணீர்தான் ஃபோனுக்கு எமன் என்று தெரிந்த கொழும்பில், தண்ணீரில் கரையும் சிப்பை யார் வாங்குவார் என்ற கேள்வியும் இருக்கிறது. கித்துள் பாணியைக் கலந்து தேன் என்று விற்கிற நாட்டில் முதலில் அசல் தேனை எங்கே தேடுவது என்பது இன்னொன்று. பகிடி போகட்டும். அந்த 6.2 கோடி தொன்னில் கணினி, ஃபோன் வகைச் சிறு சாதனங்கள் 46 இலட்சம் தொன்தான். அவற்றிலும் சிப்பின் எடை எவ்வளவு? கண்ணாடி, பிளாஸ்டிக், பற்றரி, ஈயம் எல்லாம் கரையாமல் அப்படியே கிடக்கும்.

உண்மையில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. ஜெஃப்ரி ஹிண்டன், 2024இல் பௌதிகவியல் நோபல் பெற்றவர், அதற்கு இரண்டு வருடம் முந்தி ஒரு கட்டுரையில் சாகக்கூடிய கணிப்பு என்று ஒன்றைப் பற்றி எழுதினார். இன்றைய மென்பொருளுக்குச் சாவில்லை. எந்த யந்திரத்துக்கும் அதை மாற்றி ஓட்டலாம். அதற்காகவே ஒவ்வொரு சிப்பும் மற்றதைப்போல இம்மி பிசகாமல் நடக்கவேண்டியிருக்கிறது, அதற்குத்தான் அவ்வளவு மின்சாரம். அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தி, ஒவ்வொரு சிப்பும் தன் கோணல்மாணல்களோடேயே கற்றுக்கொள்ள விட்டால் மின்செலவு வெகுவாக இறங்கும். ஆனால் அது கற்றது அந்த ஒரு சிப்புக்கு மட்டுமே சொந்தம். இன்னொன்றுக்குப் பிரதி எடுக்க முடியாது. உடல் போனால் கற்றதும் போய்விடும், நம்மைப்போல.

கூடு விட்டுப் பாய முடியாத கணினி என்றால் அது. நாம் ஃபோனை இவ்வளவு இலேசாக எறிவதே அதன் உயிர் வேறு உடலுக்குப் பாய்ந்துவிடுவதால்தான். நம் பேச்சு, நம் கையெழுத்து, வீட்டு ஆட்களின் குரல் எல்லாம் பத்து வருடமாகக் கற்று வைத்திருக்கிற யந்திரத்தை இரண்டு வருடத்துக்கொருமுறை எவன் மாற்றுவான்? அதைத் திருத்தித் திருத்தித்தான் வைத்திருப்போம், 2022இல் டொலர் 360 ரூபாயைத் தாண்டியபோது பழைய ஃபோனைத் திருத்தி வைத்திருந்ததுபோல. மறுபக்கமும் இருக்கிறது. பிரதி எடுக்கத் தேவையில்லாத சிப்பை மிக மலிவாக, ஒவ்வொரு விளையாட்டுச் சாமானுக்குள்ளும் ஒன்றாகச் செருகிவிடலாம், மலிவென்றாலே எறிவதற்குத்தான். கம்பனிகள் எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

எறிந்தவை எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்குப் புதுக்கடையில் ஏற்கனவே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் கொழும்புக்கு வந்தன. கடதாசியில் இருந்தது பாவித்த மெத்தைகளும் கம்பளங்களும். திறந்தால் மருத்துவமனைக் கழிவு உட்பட என்னென்னவோ. சுற்றாடல் நீதிக்கான நிலையம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2020 செப்டெம்பரில் முதல் 21 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. கடைசி 45 கப்பலேறியது 2022 பெப்ரவரியில். கழிவுகள் நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும், இலங்கை 1992 முதல் உறுப்பு நாடாக இருக்கும் பாசல் உடன்படிக்கை இல்லாவிட்டால் வாதிட அதிகம் இருந்திராது. அதே உடன்படிக்கையில் 2025 ஜனவரி 1 முதல் இன்னொரு கதவும் மூடப்பட்டது. அபாயகரமானதோ இல்லையோ, எந்த இலத்திரனியல் கழிவையும் வாங்கும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் கப்பலேற்ற முடியாது. தேன் சிப் பூட்டிய பெட்டிகள் பழசாகி வரும் நாளில், இது கரைந்துவிடும் சாமான், கழிவல்ல என்று ஒரு சட்டத்தரணி எழுந்து வாதிடுவார். சிப் கரையலாம், பெட்டி கரையாது என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு இப்போதே சட்டத்தில் இடம் இருக்கிறது.