கோணல் சதுரம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ரெடிமேடா வாங்கினா என்ன தப்புன்னு கேட்கிறவங்களுக்கு, நாங்க செஞ்ச சி.என்.சி. ரவுட்டர் கதையைச் சொல்றேன்.

அர்டுயினோ ஊனோவில் ஜி.ஆர்.பி.எல். ஏத்தினோம். 2009-லிருந்து இலவசமா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் அது. மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப். மைக்ரோஸ்டெப்பிங் 16. ஆக 3200. லீட் ஸ்க்ரூ ஒரு சுத்து சுத்தினா நட்டு 8 மி.மீ. நகரும். அப்போ மி.மீ.க்கு 400 ஸ்டெப். கணக்கு கரெக்ட்!

ஆனா ப்ளைவுட்டில் 300 மி.மீ. சதுரம் வெட்டினா, நாலு பக்கமும் சரி. மூலைவிட்டம் மட்டும் ஒண்ணு 426, இன்னொண்ணு 422. ரெண்டும் 424 வந்திருக்கணும். ரெண்டு நாள் கோடையே நோண்டினோம். தப்பு கோடில் இல்லை, மேஜையில்! கேன்ட்ரி, ரெயிலுக்குச் செங்குத்தா உட்காரலை. போல்ட்டைத் தளர்த்தி, ட்ரை ஸ்கொயர் வச்சுத் திரும்ப முறுக்கினதும் சரியாச்சு. முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் 'இதெல்லாம் எதுக்கு'ன்னு நாம அலுத்துக்கிட்ட அதே ட்ரை ஸ்கொயர்தான்.

அரியர், பிளேஸ்மென்ட் டென்ஷனில் ப்ராஜெக்ட் வாங்குறவங்க கஷ்டம் புரியுது. வாங்கினா அந்த ரெண்டு நாள் மிச்சம்தான். ஆனா நாங்க இன்ஜினியரிங் படிச்சதே அந்த ரெண்டு நாளில்தான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு கோரிக்கை. ஓடுற மெஷினுக்கு மட்டும் மார்க் போடாதீங்க. எங்கே தப்பாச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னும் ரிவ்யூவில் கேளுங்க. அந்தப் பதில் எந்தக் கடையிலும் விற்காது.