இவருக்குப் பதில் இவர்



தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் வீடுகளில் எல்லோருக்கும் பழக்கமான வரி ஒன்று உண்டு: "இனி இவருக்குப் பதில் இவர்." நேற்றுவரை மருமகளாக இருந்தவர் இன்று வேறு முகத்தோடு அதே அடுப்படியில் நிற்பார். மாமியார் எதுவுமே நடக்காததுபோல் திட்டிக்கொண்டிருப்பார். இதைப் பார்த்து நானும் பலமுறை சிரித்திருக்கிறேன்.

2023 செப்டம்பரில் அந்தச் சிரிப்பு வரவில்லை. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து திடீரென்று காலமானார். இறந்த அன்று காலையும் அந்தத் தொடருக்குத்தான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். "இவரு குணசேகரன் இல்லீங்க" என்று சொல்லி என் மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். இணையத்திலும் ஒரே கேலி. வந்தவர் என்ன குற்றம் செய்தார்?

எனக்கு அந்த இடம் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில், ஓர் ஆசிரியர் இறந்துபோக, அவருடைய ஐந்தாம் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். "எங்க சாரு இப்படிச் சொல்லித் தர மாட்டாரு" என்பதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு. அவரைப்போலவே பேசிப் பார்த்தேன். பிள்ளைகள் இன்னும் விலகிப் போனார்கள். என் வழியில் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்த பிறகுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

நடிப்பிலும் அப்படித்தான். 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் 1993இல் ஷோபனா செய்த வேடத்தை, 2005இல் 'சந்திரமுகி'யில் ஜோதிகா செய்தார். ஷோபனாவை நகலெடுத்திருந்தால் இன்று யார் அவரை நினைப்பார்கள்? ஹாரி பாட்டர் படங்களில் டம்பிள்டோராக முதல் இரண்டு படங்களில் நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002இல் இறந்தார். அடுத்த ஆறு படங்களில் மைக்கேல் கேம்பன் தன் பாணியில் நடித்தார். அந்தக் கிழவருக்கு இரண்டு முகம் இருப்பது பிள்ளைகளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

இப்போது இன்னொரு வழி வந்திருக்கிறது. ஆளை மாற்றாமல் முகத்தை மட்டும் வைத்துக்கொள்வது. நெடுமுடி வேணு 2021இல் மறைந்தார். 2024இல் வந்த 'இந்தியன் 2' படத்தில், வேறொருவர் நடித்த காட்சிகளில் கணினியின் உதவியால் அவர் முகம் வந்தது. அதே ஆண்டு 'கோட்' படத்தில் மறைந்த விஜயகாந்தும் வந்தார். ஒரு காட்சி அஞ்சலி என்றால் எனக்கும் கண் கலங்கத்தான் செய்யும். ஆனால் இதுவே வழக்கமாகிவிட்டால்?

நடிப்பு என்பது முகம் மட்டுமல்ல. இந்த இடத்தில் குரலை உயர்த்தலாமா, பேசாமல் நிற்கலாமா என்று அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு. இறந்தவர் அந்த முடிவை எடுக்க முடியாது. வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது. உண்மையில் வியர்வை சிந்தி நடித்தவரின் முகமோ யாருக்கும் தெரியாமல் போகிறது. இருவருக்கும் இது நியாயமில்லை. எத்தனை கேலி வந்தாலும், உயிரோடு இருக்கும் ஒருவரை அந்த வேடத்தில் நிறுத்துவதே மேல் என்பது என் கருத்து.

தயாரிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நடிகரை மாற்றும்போது ஒரு வரிப் பலகையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். போனவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். வருபவருக்குப் பழையவரின் வசனத்தையும் கைவீச்சையும் மாட்டிவிடாமல், அவருக்கேற்ற காட்சிகளை எழுதிக் கொடுங்கள்.

நம் ஊர்த் தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டேதான் இருக்கிறார். "போன வருஷத்து ஆள் எங்கே?" என்று கேட்பவர்களும் விடிய விடிய உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பொறுமை நமக்குப் புதிதல்ல.

என் மனைவியும் ஒரு மாதம் கழித்து மறுபடி 'எதிர்நீச்சல்' பார்க்க உட்கார்ந்தார். "பரவாயில்லையா?" என்று கேட்டேன். "இவரும் அந்தப் பொண்ணுங்களப் போட்டுப் படுத்துறாரு, பாவி மனுஷன்" என்றார்.

வேல ராமமூர்த்திக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன வேண்டும்?