பட்டமும் மோதிரமும்

இரத்தினபுரிக்கு அண்மையிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்து, பல்கலைக்கழகம் புகுந்து, பட்டம் பெறுந் தறுவாயில் நிற்கும் மாணவி ஒருத்தி சென்ற வாரம் நம்மைக் காண வந்தாள். முன்னர் நம்மிடம் பயின்றவள். உடன் பயில்வோர் பட்டமளிப்பின் நினைவாக நீலக்கல் பதித்த மோதிரம் செய்விக்க எண்ணியிருக்கின்றனராம். அதற்காக அவளுடைய தாயார் தம் காதுத் தோட்டை அடகு வைக்க முனைகின்றாராம்.

"மாணிக்கம் விளைகிற ஊரில் பிறந்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் முன்னால் நீ வெறுங்கையோடு நிற்பதா என்று அம்மா கேட்கிறார், சேர். நான் என்ன செய்யட்டும்?" என்றாள்.

நமக்கு உடனே விடை கூற நாவெழவில்லை. தாயின் ஆசையைப் பேதைமை என்று தள்ளிவிட மனம் வருமா?

பட்டதாரிகள் மோதிரம் அணியும் மரபு அமெரிக்காவிலே தோன்றியது. வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியின் 1835ஆம் ஆண்டு மாணவரே அதற்கு வழிகாட்டினர் என்பர். அந்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில், பட்டம் பெறும்வரை மோதிரத்தின் இலச்சினை அணிந்தவரை நோக்கியிருக்கும். பட்டம் பெற்றதும் அதனை வெளிப்புறமாகத் திருப்பிக்கொள்வர். கற்குங்காலத்துக் கவனம் தன்மேல்; கற்றபின் உலகின்மேல். மேலும், மூத்தோர் அணிந்த பழைய மோதிரங்களை உருக்கி, இளையோர் மோதிரத்துக்குரிய பொன்னிலே கலக்கும் வழக்கமும் வெஸ்ட் பொயின்றில் அண்மைக் காலத்தில் ஏற்பட்டுள்ளது.

கனடா நாட்டுப் பொறியியலாளர் அணிவதோ இரும்பு மோதிரம். இன்று பலவிடத்தும் அது துருப்பிடியா உருக்கினாற் செய்யப்படுகின்றது. 1925ஆம் ஆண்டு மொன்றியல் நகரில் முதன்முதலாக அதனை அணிந்தனர். அச்சடங்குக்குரிய உறுதிமொழியை எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். தொழில் செய்யும் கையின் சிறுவிரலில் அணிவதால், வரைபடம் வரையுந்தோறும் அது தாளில் உராயும். 1907ஆம் ஆண்டு கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலம் இடிந்து 75 தொழிலாளர் மாண்டனர். பாலத்தின் எடையைக் குறைத்துக் கணித்தமை அதற்கொரு காரணம். அப்பாலத்தின் இரும்பிலேயே மோதிரங்கள் செய்யப்பட்டன என்று சொல்லப்படும் கதை உண்மையன்று. எனினும், 'உன் கணக்குப் பிழைத்தாற் பிறர் உயிர் போகும்' என்னும் எச்சரிக்கையை அந்த இரும்பு ஓயாது சொல்லிக்கொண்டிருக்கின்றது.

நம்மவரிடமும் ஒரு மோதிரம் உண்டு. சங்கற்பஞ் செய்யுமுன் மோதிர விரலில் இடும் தருப்பைப் பவித்திரமே அது. பொன்னுமன்று, இரும்புமன்று, வெறும் புல். கருமம் முடிந்ததும் கழற்றிவிடுவோம். ஆயினும் அது விரலில் இருக்குமட்டும், 'இக்கை ஒரு கடமைக்கு உட்பட்டது' என்பதே பொருள்.

பொன், இரும்பு, புல். விலை இறங்க இறங்கப் பொருள் இறங்கவில்லை என்பதை வாசகர் காண்பர்.

இனி, நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். நியூயோர்க் நூதனசாலையொன்றில் 563 கரட் எடையுள்ள நீலக்கல் இருக்கின்றது. 'இந்திய நட்சத்திரம்' என்று பெயர் பெற்றாலும், அது நம் இலங்கை மண் தந்த கல். கல்லின் பெயரை உலகம் அறியும். குழியில் இறங்கித் தோண்டியவன் பெயரை யார் அறிவார்?

தோட்டங்களின் கதையும் அத்தகையதே. இலங்கையில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களிலேதான். அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகளின் படிப்பு லயத்தோடு நின்றுபோயிற்று! இம்மாணவியின் பட்டத்துக்குப் பின்னால், விடியற்காலையில் எழுந்து பால் வெட்டப் போன ஒரு தாயின் கை இருக்கின்றது. அக்கையில் மோதிரமில்லை.

ஆகவே அவளிடம் இவ்வாறு கூறினோம்: "தோடு அம்மாவின் காதிலேயே இருக்கட்டும். பட்டமளிப்பு விழாவுக்கு அவரை அத்தோட்டுடன் அழைத்துச் சென்று, உன் தோழியர் எல்லார்க்கும் 'இவர் என் தாயார், தோட்டத்திலே பால் வெட்டுகிறவர்' என்று சொல். மோதிரம் வேண்டுமாயின் முதற்சம்பளத்தில் ஒரு வெள்ளி மோதிரம் செய்துகொள். அசோகவனத்தில் அனுமன் காட்டிய கணையாழி, அவன் யாருடைய தூதன் என்பதைச் சொல்லிற்று. உன் மோதிரமும் அதைச் சொன்னாற் போதும்."

மாணவத் தலைவர்களுக்கும் ஒரு சொல். உடன் பயில்வோருள் ஒருவரேனும் கடன்பட்டு வாங்கவேண்டிய மோதிரம் ஒற்றுமையின் சின்னம் ஆகாது. எல்லார்க்கும் எட்டும் விலையில் ஒன்றைத் தெரிந்துகொள்வதே முறை.

மாணவி முகமலர்ந்து விடைபெற்றாள். வாயில்வரை சென்றவள் திரும்பி, "அம்மா இதற்கு இலேசில் சம்மதிக்கமாட்டார், சேர்" என்றாள்.

அந்த அம்மையாரும் ஞாயிறுதோறும் இப்பத்திரிகையைப் பிறர் வாசிக்கக் கேட்பவராம். அவர் செவிக்கும் எட்டட்டும் என்றே இதனை எழுதினோம்.