தடுமாற்றம் யார் குற்றம்?

இன்று திரை இல்லாத இடத்தைக் காண்பது அரிது. உணவு வாங்கவும், பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்யவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும் நாம் திரையைத் தொடுகிறோம். அத்திரையின் முன் முதியவர் ஒருவர் தடுமாறி நின்றால், “அவருக்குக் கணினி தெரியாது,” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவரும், “எனக்கு வயதாகிவிட்டது, இதெல்லாம் எங்கே புரியப்போகிறது?” என்று தம்மையே நொந்துகொள்கிறார். அந்தத் திரையை வடிவமைத்தவர்களிடம் மட்டும் நாம் எதுவும் கேட்பதில்லை. ஒருவர் தடுமாறும்போது முதலில் கருவியைத்தான் ஆராயவேண்டும். மனிதரைக் குறைகூறக்கூடாது என்பது என் கருத்து.

இக்கருத்துக்குப் பின்னணியாக ஒரு கல்வித்துறையே இருக்கிறது. மனிதரை மையமாகக் கொண்ட கணினியியல் என்பது அதன் பெயர். கணினியைப் பயன்படுத்தும் மனிதர் எதை முதலில் பார்க்கிறார், எதை நினைவில் வைத்துக்கொள்கிறார், எங்கே குழம்புகிறார் என்பவற்றை இத்துறை ஆராய்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென ஓர் ஆய்வுக் கருத்தரங்கு பல ஆண்டுகளாக நடைபெற்றுவருகிறது. ‘மனிதர்கள், கணினிகள், வடிவமைப்பு’ என்பது அதன் தலைப்பு. அத்தலைப்பில் கணினிகளுக்கு முன்பாக மனிதர்கள் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள்.

இத்தகைய கருத்தரங்குகளில், ஆய்வாளர் புதிய கருவியைக் காட்டியவுடன் எல்லாரும் கைதட்டிவிட்டுக் கலைந்துபோவதில்லை. “இதை யாரிடம் சோதித்தீர்கள்? அவர்கள் எந்த இடத்தில் தயங்கினார்கள்? அதன் பிறகு எதை மாற்றினீர்கள்?” என்னும் கேள்விகள் எழும். சோதனை முறையும் எளியதே. பயனாளரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்யும்போது மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். ஆய்வாளர் உதவிக்கு ஓடிவராமல் அமைதியாகக் கவனிப்பார். பயனாளர் தவறான பொத்தானை அழுத்தினால், அது கருவியின் குறையாகவே குறித்துவைக்கப்படும்.

இந்தச் சிந்தனைக்கு வித்திட்ட நிகழ்வுகளுள் ஒன்று இரண்டாம் உலகப் போரின்போது நடந்தது. அமெரிக்காவின் பி-17 ரகப் போர் விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகும் திடீரென்று வயிறு தரையில் மோதச் சரிந்தன. விமானிகள் இறக்கை மடிப்புகளை உள்ளிழுப்பதாக எண்ணிக்கொண்டு, சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டதே அதற்குக் காரணம். விமானியின் தவறு என்றே பலரும் கருதினர். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர் விமானி அறையை ஆராய்ந்தார். இரண்டு விசைகளும் அருகருகே, ஒரே தோற்றத்தில் இருந்தன. களைத்துப்போயிருந்த விமானியின் கை, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் தொட்டதில் வியப்பில்லை. சக்கரங்களுக்கான விசையின் முனையில் சிறிய ரப்பர்ச் சக்கரத்தையும், இறக்கை மடிப்புகளுக்கான விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினால் போதும் என்று அவர் கண்டார். கண்ணால் பார்க்காமலே, தொட்டவுடன் வேறுபாடு தெரிந்தது. விமானிகள் மாறவில்லை, விசைகள் மாறின. அந்தத் தவறு மறைந்தது.

சிங்கப்பூரிலும் அண்மையில் நமக்கொரு பாடம் கிடைத்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பெரியவர்களுக்கான பழைய பயண அட்டை முறை கைவிடப்படும் என்றும், பயணிகள் ‘சிம்ப்ளிகோ’ முறைக்கு மாறவேண்டும் என்றும் நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. புதிய முறையில், கட்டணம் அட்டையில் கழிக்கப்படாமல் பயணியின் கணக்கில் கழிக்கப்படுகிறது. ஆகையால், கட்டணத்தையும் மீதித் தொகையையும் ரயில் நிலைய நுழைவாயிலிலேயே அப்போது பார்க்க முடியவில்லை. திறன்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. பயணிகள் பலர் இதை விரும்பவில்லை. அட்டையில் எவ்வளவு பணம் மீதமிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் அறிந்துகொள்ள அவர்கள் விரும்பினார்கள். இரண்டே வாரங்களில் அம்முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைக் குறைந்தது 2030ஆம் ஆண்டுவரை தொடர்வதற்கு 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவிடப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. மக்களின் குரலுக்குச் செவிசாய்த்தது பாராட்டத்தக்கது. ஆயினும், பயணிகளின் சிறிய பழக்கம் ஒன்று எவ்வளவு பெரிய விலையுடையது என்பதையும் இந்நிகழ்வு காட்டுகிறது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. கோவிட்-19 நோய் பரவியபோது, நோயாளிகளுடன் நெருங்கியிருந்தவர்களைக் கண்டறிய 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘டிரேஸ்டுகெதர்’ செயலி வெளியிடப்பட்டது. திறன்பேசி இல்லாத மூத்தோர் என்ன செய்வார்கள் என்னும் கேள்வி எழுந்தது. “திறன்பேசி வாங்கிக்கொள்ளுங்கள்,” என்று அவர்களிடம் சொல்லவில்லை. அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில், பையில் போட்டுக்கொள்ளக்கூடிய சிறிய கருவி அவர்களுக்கு வழங்கப்பட்டது. அதில் தொடுதிரை இல்லை. நாள்தோறும் மின்னூட்டம் செய்யும் வேலையும் இல்லை. மனிதருக்கேற்ப நுட்பத்தை வளைப்பது என்பது இதுதான்.

“எல்லாருக்காகவும் காத்திருந்தால் நாடு எப்படி முன்னேறும்? மக்கள்தாம் கற்றுக்கொள்ளவேண்டும்,” என்று சிலர் வாதிடுவர். கற்றல் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. 2020ஆம் ஆண்டு முதல் மின்னிலக்கத் தூதர்கள் மூத்தோருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து வருவது நற்பணியே. ஆனால், படிக்கட்டு வழுக்கினால், அதைச் சரிசெய்யாமல் அனைவருக்கும் நடக்கக் கற்றுக்கொடுப்பது அறிவுடைமை ஆகுமா?

இன்னும் சிலர், “பலரிடம் சோதித்துப் பார்க்கப் பணமும் நேரமும் ஏது?” என்பர். இத்துறையின் வல்லுநரான யாக்கோப் நீல்சன், ஐந்து பயனாளர்களிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். ஐந்து பேருடன் சில மணி நேரம் செலவிடுவது, பின்னர் பெரும் பொருட்செலவில் திருத்துவதைவிட மலிவானது. மேலும், நலிந்தோருக்காகச் செய்யும் வசதி எல்லாருக்கும் பயன்படும். சக்கர நாற்காலிக்காக அமைக்கப்பட்ட சாய்தளத்தில், குழந்தையைத் தள்ளுவண்டியில் அழைத்துச் செல்லும் தாயும் செல்கிறார் அல்லவா?

இருப்பினும், அந்த ஐவர் யார் என்பது முக்கியம். பல்கலைக்கழகத்தில் சோதனைக்கு எளிதாகக் கிடைப்பவர்கள் மாணவர்களே. இருபது வயது விரலுக்கு எளிதாக இருக்கும் பொத்தான், நடுங்கும் எண்பது வயது விரலுக்கு எளிதாக இருக்காது. ஆங்கிலம் நன்கு அறிந்தவருக்குப் புரியும் சொல், தமிழோ மலாயோ சீனமோ மட்டும் அறிந்தவருக்குப் புரியாது. ஆகவே, ஆய்வாளர்கள் கருத்தரங்கு அறையைவிட்டு வெளியே வரவேண்டும். சமூக மன்றத்திற்கும் உணவங்காடி நிலையத்திற்கும் சென்று சோதிக்கவேண்டும். கருத்தரங்கிலும் முதல் வரிசை இருக்கைகளைப் பயனாளர்களுக்கே ஒதுக்கவேண்டும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை செயலிகளை உருவாக்குவீர்கள். அதற்கான பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். தாத்தாவோ பாட்டியோ திறன்பேசியில் திணறினால், அதைப் பறித்து நீங்களே செய்து முடிக்காதீர்கள். “நீங்கள் எதைத் தேடினீர்கள்? எந்த இடத்தில் இருக்கும் என்று நினைத்தீர்கள்?” என்று கேளுங்கள். அவர் கூறும் பதிலில் நல்ல வடிவமைப்புக்கான முதல் குறிப்பு இருக்கும். நுட்பம் எவ்வளவு உயர்ந்தாலும், அதைப் பயன்படுத்துபவர் தலைகுனிய நேர்ந்தால், அதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது.